சபை ரோட்டும் தோட்ட ரோட்டும்

பலாங்கொடையிலோ இறக்குவானையிலோ யட்டியாந்தோட்டையிலோ பெரிய வீதியை விட்டுக் கிளைப் பாதையில் ஏறிப் பாருங்கள். கொஞ்சத் தூரம் தார் இருக்கும். குழியும் ஒட்டும் நிறைந்த தார். நடுநடுவே துண்டு துண்டாகக் கொங்கிரீட் இருக்கும். ஏதோ ஒரு வளைவுக்கு அப்பால் அதுவும் நின்றுவிடும். அங்கிருந்து மேலே, துருத்தி நிற்கும் கருங்கல்லும் மழைநீர் அறுத்த பள்ளமும்தான். அந்த வளைவில் பலகை எதுவும் நட்டிருக்காது. ஆனாலும் திரீவீல் ஓட்டுகிறவருக்கு எல்லை தெரியும்: கீழே பிரதேச சபை ரோட்டு, மேலே தோட்ட ரோட்டு. கூலியும் அங்கேதான் கூடும்.

இரண்டைப் பற்றியும், இந்த ஊர்கள் அடங்கிய சப்ரகமுவ மாகாணத்து மக்கள் சொல்லும் முறைப்பாடு காதுக்கு ஒன்றுபோலத்தான் கேட்கும். ரோட்டு சரியில்லை, போட்டது நிற்கவில்லை, சொன்னால் ஒருவரும் எடுத்துக்கொள்வதில்லை. அரசியல்வாதிகளும் இரண்டையும் ஒரே குறையாகவே எடுத்துப் பேசுகிறார்கள். "உங்கள் ரோட்டைப் போட்டுத் தருவோம்" என்ற வாக்குறுதி கிராமத்துக்கும் தோட்டத்துக்கும் ஒரே வாயால் கொடுக்கப்படுகிறது. இரண்டு குழிகளும் ஒரே குழி அல்ல என்பதைக் காட்டவே இந்த ஒப்பாய்வு. கீழ் ரோட்டில் கடமை உடையவர் இருக்கிறார். அவர் சரியாகச் செய்வதில்லை. மேல் ரோட்டில் அந்தக் கடமை யாருடையது என்பதே நீண்ட காலமாக முடிவாகாமல் கிடக்கிறது. அப்படி இருந்தும், மேல் ரோட்டைத் தொடாமல் கீழ் ரோட்டைச் செப்பனிட முடியாது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டியிருக்கிறது. காரணம் மழை.

முதலில் கீழ் ரோட்டை எடுத்துக்கொள்வோம்.

இலங்கையில் வீதிகளுக்கு வகுப்பு உண்டு. 'ஏ', 'பி' வகுப்பு வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபையின் பொறுப்பு. கொழும்பிலிருந்து எஹலியகொடை, குருவிட்ட, இரத்தினபுரி, பெல்மதுளை, பலாங்கொடை வழியாகக் கிழக்கே போகும் ஏ-4, அவிசாவளையிலிருந்து யட்டியாந்தோட்டை, கித்துல்கலை வழியாக ஹட்டனுக்கு ஏறும் ஏ-7, கேகாலையை ஊடறுத்துக் கண்டிக்குப் போகும் ஏ-1 எல்லாம் இதில் அடங்கும். 'சி', 'டி' வகுப்பு மாகாண சபையின் கீழ் வரும். மீதி உள்ள சின்ன வீதிகள் உள்ளூராட்சி மன்றங்களுக்கு. நீளத்தில் பார்த்தால் இந்த மீதிதான் நாட்டிலேயே மிகப் பெரிய பங்கு. வருமானத்தில் பார்த்தால் அதைப் பராமரிக்க வேண்டிய பிரதேச சபைதான் மிகச் சிறிய கை. சோலை வரி, ஏக்கர் வரி, சந்தை வாடகை, நீதிமன்றத் தண்டப்பணம், முத்திரைத் தீர்வை என்று கிடைப்பதில் ஊழியர் செலவும் குப்பை அள்ளும் செலவும் போக, ரோட்டுக்கு மிஞ்சுவது கொஞ்சம். அதனால் பெரிய வேலை எல்லாம் வெளியிலிருந்து வரும் திட்டங்களையே எதிர்பார்த்து நிற்கும். 'மக நெகும' வீதித் திட்டக் காலத்தில் வந்த கொங்கிரீட்டும், ஆசிய அபிவிருத்தி வங்கிக் கடனில் வந்த 'ஐ-ரோட்' திட்டத்தின் காபட்டும் அப்படி வந்தவைதான். சப்ரகமுவ அந்தத் திட்டத்தின் முதல் சுற்றிலேயே சேர்க்கப்பட்ட மாகாணம்.

இந்தத் திட்டங்கள் நல்ல ரோட்டுகளைத் தந்தன. அதை மறுப்பது நியாயமில்லை. திட்டங்களுக்கு இடைப்பட்ட வருடங்களில் சபை தன் கையால் செய்யும் பழுதுபார்ப்பில்தான் மக்களுக்கு ஆத்திரம் வருகிறது. குழியில் தேங்கிய தண்ணீரை முழுதாக வெளியேற்றாமல், உதிர்ந்த விளிம்பை வெட்டிச் சதுரமாக்காமல், அடியில் இளகிய மண்ணை எடுக்காமல், மேலே சல்லியும் தாரும் கொட்டி மண்வெட்டியின் பின்புறத்தால் தட்டிவிட்டுப் போகிறார்கள். அடுத்த பெருமழையில் அந்த ஒட்டு கழன்று ஓரத்துக்கு வந்துவிடும். குழி முன்னைவிட அகலமாகும். தார் ரோட்டைக் கொல்வது லொறியின் பாரம் மட்டும் அல்ல. வெடிப்பு வழியே இறங்கிய தண்ணீர் அடித்தளத்தை இளக்கி வைத்திருக்க, அதன் மேல் பாரம் ஏறும்போதுதான் மேற்பரப்பு அமிழ்ந்து உடைகிறது. ஆகவே குழியை அடைப்பது பாதி வேலை. தண்ணீர் ரோட்டில் நில்லாமல் ஓரக் கானுக்கு ஓடுவதற்கான வளைவு, கான், போக்கு மூன்றும் சரியாக இருப்பது மற்றப் பாதி. பிரதேச சபையின் பழுதுபார்ப்பில் இந்த இரண்டாம் பாதி பெரும்பாலும் விடுபடுகிறது.

காலமும் ஒத்துழைப்பதில்லை. வருட இறுதியில் வரவு செலவுத் திட்டம் நிறைவேறும். பிறகு மதிப்பீடு, விலைமனு, ஒப்பந்தம் என்று நகர்ந்து வேலை கைக்கு வரும்போது மே மாதம் பிறந்துவிடும். தென்மேல் பருவமழையும் கூடவே வந்துவிடும். அதற்குள் முடியாதது ஒக்டோபருக்குத் தள்ளிப்போனால் அங்கே இடைப்பருவ மழை காத்திருக்கும். வருடத்துக்கு 3,500 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெறும் இரத்தினபுரி போன்ற ஊரில் தார் வேலைக்கு உகந்த காய்ந்த மாதங்கள் ஜனவரியும் பெப்ரவரியும்தான். அந்த மாதங்களில் சபையின் கோப்புகள் இன்னும் மேசையிலேயே இருக்கும். வேலை செய்கிறவர்களின் அக்கறையின்மையைவிட இந்த நாட்காட்டிப் பிழையே அதிக ரோட்டுகளைக் கெடுத்திருக்கிறது என்று நினைக்கிறேன்.

துண்டு போடும் வழக்கமும் உண்டு. கிடைக்கும் சிறு நிதியை உறுப்பினர்கள் தங்கள் வட்டாரங்களுக்குப் பிரித்துக்கொள்ளும்போது, ஒரு ரோட்டில் ஐம்பது மீற்றர், இன்னொரு ரோட்டில் எழுபது மீற்றர் என்று கொங்கிரீட் விழும். கொங்கிரீட் முடியும் விளிம்பில் தண்ணீர் குதித்து விழுந்து அங்கேயே ஒரு புதுப் பள்ளத்தைத் தோண்டும். எல்லோருக்கும் கொஞ்சம் கொடுத்த கணக்கு சபைக் கூட்டத்தில் சரியாக இருக்கும். மலையில் எந்த ரோட்டும் முழுமையாக இருக்காது.

இத்தனை குறை இருந்தாலும் கிராமத்து ஆளுக்கு ஒரு முகவரி இருக்கிறது. ரோட்டு சபையின் பதிவேட்டில் உள்ளது. வட்டார உறுப்பினர் ஊரில்தான் இருக்கிறார். கடைத்தெருவில் அவரை மறித்துக் கேட்கலாம். கிராம அபிவிருத்திச் சங்கம், மரண உதவிச் சங்கம், விகாரையின் நன்கொடையாளர் சபை என்று கூடிப் பேச அமைப்புகள் உண்டு. சின்ன வேலைகளைச் சங்கங்களே ஒப்பந்தம் எடுத்துச் செய்யும் முறையும் இருக்கிறது. கோபம் முற்றினால் குழியில் வாழைக் கன்று நட்டுப் படம் எடுத்துப் போட்டால், யாரைக் குறித்து நட்டார்கள் என்று ஊருக்கே விளங்கும்.

இனி மேல் ரோட்டுக்கு ஏறுவோம்.

தோட்ட ரோட்டுகளின் அமைப்பைக் கூர்ந்து பார்த்தவர்களுக்கு அவற்றின் மேல் ஒரு மதிப்பு வரும். கோப்பிக் காலத்திலும் பிறகு தேயிலை, இறப்பர் காலத்திலும் மலையின் வளைவை ஒட்டி, ஏற்றம் மெல்லக் கூடுமாறு கோடு பிடித்து வெட்டியவை அவை. மலைப்பக்கம் கான், தண்ணீரைக் குறுக்கே கடத்தும் கருங்கல் போக்கு, பள்ளப்பக்கம் கல் அடுக்கிய கட்டு என்று யோசித்தே செய்திருக்கிறார்கள். அந்தக் கல்லை உடைத்ததும் சுமந்ததும் அடுக்கியதும் நம் முன்னோர். பிரதான வீதிக்கு இணைக்கும் கிளை வீதிகளின் செலவை அரசாங்கமும் தோட்டக்காரர்களும் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாடு ஆங்கிலேயர் ஆட்சியில் சட்டமாகவே இருந்தது. தோட்டத்துக்குள் இருந்த ரோட்டு முழுக்கத் துரையின், அதாவது தோட்ட நிர்வாகியின், பொறுப்பு. அதற்கு நேர் எதிர்ப்பக்கம் கிராமம்: 1848ஆம் ஆண்டு வீதிச் சட்டம், 18 வயது முதல் 55 வயது வரையான ஆண்கள் வருடத்துக்கு ஆறு நாள் வீதி வேலை செய்ய வேண்டும், இல்லையேல் மூன்று ஷில்லிங் கட்ட வேண்டும் என்றது. அந்த வருடம் வெடித்த கலகத்துக்கு அதுவும் ஒரு காரணம். கிராமத்தான் சட்டத்துக்கு அஞ்சிக் கல் சுமந்தான். தோட்டத்தான் செக்ரோல் என்ற வேலைப் பதிவேட்டுக்கு அஞ்சிக் கல் சுமந்தான். இரண்டு பேரும் ரோட்டுப் போட்டதற்கு முதல் காரணம் கோப்பி மூட்டை துறைமுகத்துக்குப் போய்ச் சேர வேண்டும் என்பதே.

தோட்டத்தில் ரோட்டு வேலைக்கென்று ஆட்கள் இருந்த காலம் இன்றைய முதியவர்களுக்கு நினைவிருக்கும். மழைக்கு முன் கான் தோண்ட, போக்கில் அடைத்த இலைதழையை இழுக்க, பெயர்ந்த கல்லைத் திரும்பப் பதிக்க ஆள் விட்டுச் செக்ரோலில் பேர் போடுவார்கள். அந்தப் பேர் நின்றதோடு ரோட்டும் நின்றது. 1970களில் தோட்டங்கள் அரசுடைமையாகி, 1992இல் இருபதுக்கு மேற்பட்ட பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளின் நிர்வாகத்துக்குப் போயின. நிலத்தின் உடைமை அரசிடம், குத்தகை கம்பனியிடம், குடியிருப்பு தொழிலாளியிடம். தொழிலாளர் தொகை குறைந்துகொண்டே போக, இருக்கிற ஆட்களைக் கொழுந்துக்கும் பால் வெட்டுக்கும் அனுப்புவதே நிர்வாகத்தின் முதல் கணக்கானது. கான் வெட்ட ஆளில்லை. கொழுந்து லொறி போகும் பாதையில் மட்டும் அவ்வப்போது கல்லும் கிரவலும் விழும். தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்குப் பிரியும் பாதையில் விழாது, ஏனென்றால் அந்தப் பாதையில் கொழுந்து வருவதில்லை, மனிதர் மட்டுமே வருகிறார்கள்.

கேகாலைப் பக்கத்து இறப்பர் தோட்டங்களில் இது இன்னும் கூர்மையாகத் தெரியும். தேயிலை மலையில் கொழுந்தை அன்றைக்கே இஸ்டோருக்கு, அதாவது தேயிலைத் தொழிற்சாலைக்கு, சேர்த்தாக வேண்டும். ஆகவே ஒரு ரோட்டாவது உயிரோடு இருக்க வேண்டும். இறப்பர் மலையில் விடாமழை நாளில் பால் வெட்டே நின்றுபோகும். வேலை குறைந்த டிவிசனுக்கு, அதாவது தோட்டப் பிரிவுக்கு, லொறி வரும் தேவையும் குறையும். லயங்கள் மட்டும் அங்கேயே இருக்கும், பிள்ளைகளோடும் நோயாளிகளோடும்.

இங்கே ஒரு பழைய ரயிலையும் நினைக்கத் தோன்றுகிறது. களனிவெளிக் குறுகிய பாதை அவிசாவளையிலிருந்து ஒரு கிளையாக யட்டியாந்தோட்டைக்கும், மறு கிளையாக இரத்தினபுரி வழியே ஓப்பநாயக்க வரைக்கும் போனது. இறப்பருக்கும் தேயிலைக்கும் என்றே போட்ட பாதை. யட்டியாந்தோட்டைக் கிளை இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் மூடப்பட்டது. அவிசாவளைக்கு அப்பால் மீதிப் பகுதி 1970களில் மூடப்பட்டது. அந்தச் சுமை முழுதும் ரோட்டுக்கு இறங்கியது. ரயிலை எடுத்த போது ரோட்டைப் பலப்படுத்த எவ்வளவு ஒதுக்கினார்கள் என்ற கேள்வியை அன்று யாராவது உரக்கக் கேட்டிருக்க வேண்டும்.

மேல் ரோட்டுக்கும் கீழ் ரோட்டுக்கும் உள்ள உண்மையான பிரிவைச் சட்டத்தில்தான் பார்க்க வேண்டும். ஆங்கிலேயர் காலத்துக் கிராம சபைச் சட்டம் தோட்டத்து இந்தியத் தொழிலாளரைக் கிராம நிர்வாகத்துக்கு வெளியே வைத்தது. 1930களில் அதைத் திருத்தப் பேச்சு எழுந்தபோதும், தோட்ட லயத்தில் குடியிருப்பவர்கள் வெளியிலேயே நிறுத்தப்பட்டார்கள். 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டமும் அதைத் தொடர்ந்து 1949இல் வந்த தேர்தல் திருத்தச் சட்டமும் நாட்டின் வாக்காளர் பட்டியலிலிருந்தே பெரும்பாலானோரை நீக்கின. பிரஜாவுரிமை படிப்படியாகத் திரும்பி வருகிற காலத்தில், 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டம் வந்தது. அதன் 33ஆம் பிரிவின்படி, தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபை நிதியைச் செலவிட இடமில்லை என்பதே நடைமுறையாக நின்றது. தோட்டத்து மக்கள் சபைத் தேர்தலில் வாக்களித்தார்கள். அவர்கள் வாக்கில் உறுப்பினர்கள் தெரிவானார்கள். சபை எல்லைக்குள் கடைகளில் அவர்கள் வாங்கினார்கள், பேருந்தில் ஏறினார்கள், சந்தையைப் பெருக்கினார்கள். தோட்டங்கள்மீது ஏக்கர் வரி விதிக்கவும் சட்டத்தில் இடம் இருந்தது. ஆனால் அந்தச் சபையின் ஒரு கூடைச் சல்லி தோட்ட எல்லையைத் தாண்டினால் கணக்காய்வுக் கேள்வி வரும் என்று தவிசாளர்கள் பயந்தார்கள். தமிழ் உறுப்பினர்கள்கூடத் தங்களுக்கு வாக்களித்தவர்களின் ரோட்டைவிட்டு வேறு இடத்துக்கு நிதியைக் கொடுக்க வேண்டியதாயிற்று. முப்பது வருடம் இது நடந்தது.

2018இல் வந்த திருத்தச் சட்டம் அந்தக் கதவைத் திறந்தது. தோட்டக் குடியிருப்பாளர்களுக்கு வீதி, கிணறு போன்ற பொது வசதிகளுக்காகப் பிரதேச சபை தன் நிதியைச் செலவிடலாம் என்றானது. அதே வருடம் பெருந்தோட்டப் பிராந்தியத்துக்கான புதிய கிராமங்கள் அபிவிருத்தி அதிகார சபைச் சட்டமும் நிறைவேறியது. மலையக அரசியலின் நெடுநாள் கோரிக்கை ஒன்று நிறைவேறிய வருடம் அது. அதற்காக உழைத்தவர்களுக்கு நன்றி உண்டு.

திருத்தத்துக்குப் பிறகும் மேல் ரோட்டு பெரிதாக மாறாததற்குக் காரணங்கள் பல. செலவிடலாம் என்பது அனுமதி. செலவிட்டே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. வருமானம் கூடாத சபைக்குப் புதிதாக எத்தனையோ கிலோமீற்றர் பாதை பொறுப்பாக வந்தால், ஏற்கெனவே பதிவேட்டில் இருப்பதை முதலில் பார்ப்போம் என்றுதான் சொல்லும். நிலம் தோட்டத்தின் கையில் இருப்பதால் நிர்வாகத்தின் ஒத்துழைப்பு இல்லாமல் ஒரு டிப்பர் மணலும் உள்ளே போகாது. காலமும் கை கொடுக்கவில்லை. 2018 பெப்ரவரி 10இல் தெரிவான சபைகள் இந்தத் திருத்தத்தைப் பயன்படுத்தத் தொடங்குமுன் 2020இல் கொரோனா வந்தது. 2022இல் நாடே வங்குரோத்தானது. தாரும் எரிபொருளும் கைக்கு எட்டாத விலைக்குப் போயின. 2023 மார்ச்சில் சபைகளின் ஆயுள் முடிந்தது. தேர்தல் தள்ளிப்போடப்பட்டது. 2025 மே 6ஆம் திகதி தேர்தல் நடக்கும்வரை இரண்டு வருடத்துக்கு மேல் சப்ரகமுவவின் எந்தப் பிரதேச சபையிலும் தெரிவான உறுப்பினர் ஒருவரும் இல்லை. கிராமத்தான் தன் முகவரியை இழந்த காலம் அந்த இரண்டு வருடம். தோட்டத்தானின் நிலை அவனுக்கும் கொஞ்ச நாள் விளங்கியிருக்கும்.

நுவரெலியாவோடு சப்ரகமுவவைச் சேர்த்துப் பேசுவது வழக்கம். ஆனால் நிலைமை வேறு. நுவரெலியா மாவட்டத்தில் தோட்டத் தமிழர் பெருந்தொகையாக ஒரே பரப்பில் வாழ்கிறார்கள். அங்கே நுவரெலியா, அம்பகமுவ என்ற இரண்டு பெரிய பிரதேச சபைகளை ஆறாகப் பிரித்து 2018இல் தேர்தல் நடந்தது. மஸ்கெலியா, நோர்வூட், கொட்டகலை, அக்கரபத்தனை என்று தோட்டத்து ஊர்களின் பெயரிலேயே சபைகள் வந்தன. அங்கே தவிசாளர் கதிரையில் தோட்டத்துப் பிள்ளை உட்கார முடியும். இரத்தினபுரியிலும் கேகாலையிலும் தோட்டங்கள் சிங்களக் கிராமங்களுக்கு இடையே சிதறிக் கிடக்கின்றன. வட்டார முறையில் ஒரு டிவிசன் ஒரு வட்டாரத்துக்கும் பக்கத்து டிவிசன் இன்னொரு வட்டாரத்துக்கும் போய், எங்கும் சிறுபான்மையாகிவிடுகிறது. அந்த வாக்கு இல்லாமலே வெல்லலாம் என்று தெரிந்த உறுப்பினருக்கு மேல் ரோட்டுக்கு ஏறும் அவசரம் இருக்காது. 2024 பொதுத் தேர்தலில் இரத்தினபுரி மாவட்டத்திலிருந்து மலையகத் தமிழரான சுந்தரலிங்கம் பிரதீப் பாராளுமன்றம் போய்ப் பெருந்தோட்டத்துறைப் பிரதி அமைச்சரானது அந்த வகையில் பெரிய மாற்றம். ஆனால் குழி நிரப்புவது பாராளுமன்றத்தின் வேலை அல்ல. அது சபையில், நிதிக் குழுவில், தொழில்நுட்ப உத்தியோகத்தரின் மதிப்பீட்டுத் தாளில் நடக்க வேண்டிய வேலை.

முறைப்பாட்டின் வழியையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். மேல் ரோட்டில் குழி என்றால் தொழிலாளி யூனியன் தலைவரிடம் சொல்வார். தலைவர் துரையிடம் போவார். துரை கொழும்பு அலுவலகத்துக்கு எழுத வேண்டும் என்பார், அல்லது அது சபையின் வேலை என்பார். சபைக்குப் போனால் தோட்ட நிலம், நிர்வாகத்திடம் கடிதம் கொண்டு வா என்பார்கள். அமைச்சுக்குப் போனால் திட்டம் வரும்போது சேர்ப்போம் என்பார்கள். இதற்கிடையில் கடிதத்தைச் சிங்களத்தில் எழுதித்தர ஒருவரைத் தேட வேண்டும். தமிழும் ஆட்சிமொழி என்று அரசியலமைப்பு சொல்கிறது. ஆனால் தமிழில் கொடுத்த கடிதத்தை வாசித்துப் பதில் எழுத ஆள் இல்லாத அலுவலகத்தில் அந்த உரிமை பெட்டிக்குள்ளேயே கிடக்கும். கடைசியில் இளைஞர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை மண்வெட்டியும் கடப்பாரையும் எடுத்துச் சிரமதானம் செய்வார்கள். ஆறு நாள் வேலை முழுதும் நின்ற உடம்போடு, ஓய்வு நாளில், தாங்கள் சொந்தமாக வைத்திருக்காத நிலத்தில், தங்கள் செலவில் ரோட்டுப் போடுகிறார்கள். அதைப் பாராட்டிப் படம் போடுவது எனக்கு மனசுக்கு ஒவ்வாது. மற்றவர்கள் செய்யாமல் விட்ட வேலை அது.

திட்டங்களின் மூலம் தோட்டத்துக்குள்ளும் காபட்டும் கொங்கிரீட்டும் வந்திருப்பதைச் சொல்லாமல் விடக் கூடாது. பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியம் வழியாக வந்தவை, அமைச்சுகள் வழியாக வந்தவை, பாராளுமன்ற உறுப்பினரின் பன்முகப்படுத்தப்பட்ட நிதியில் வந்தவை என்று உண்டு. ஆனால் இவை ஒருமுறை வருபவை. திறப்பு விழாப் பலகை நட்ட மறுநாளிலிருந்து அந்த ரோட்டின் கானை யார் துப்புரவு செய்வது? முதல் வெடிப்பில் யார் தார் ஊற்றுவது? கீழ் ரோட்டில் இதற்கு ஏட்டளவிலாவது பதில் உண்டு. மேல் ரோட்டில் ஏடே இல்லை. பராமரிப்புக்கு ஆளில்லாமல் போடும் கொங்கிரீட் சில மழைக்குள் அடியில் மண் அரிபட்டுத் தொங்கத் தொடங்கும். பிறகு அது கல் ரோட்டைவிட ஆபத்தானது.

விளைவிலும் இரண்டும் சமமல்ல. கீழ் ரோட்டின் குழி வண்டியைக் கெடுக்கும், முதுகை வலிக்க வைக்கும், நேரத்தைத் தின்னும். மேல் ரோட்டின் குழி வண்டியை வரவே விடாது. 1990 என்ற எண்ணுக்கு அழைத்தால் வரும் சுவசெரிய அம்புலன்ஸ் வந்த பிறகு நாட்டில் எவ்வளவோ உயிர்கள் பிழைத்திருக்கின்றன. ஆனால் அது ஏற முடியாத தோட்டப் பாதையில், பிரசவ வலியில் இருக்கும் பெண்ணைக் கதிரையில் வைத்தோ சாக்குக் கட்டிலில் வைத்தோ சபை ரோட்டு வரை தூக்கிக்கொண்டு இறங்க வேண்டியிருக்கிறது. பாடசாலை வேன் சந்தியிலேயே நின்றுவிடுகிறது. பிள்ளைகள் அட்டைக் கடியோடு நடக்கிறார்கள். மேல் வகுப்புக்குத் தூரப் பாடசாலை என்றானதும் பெண்பிள்ளைகளின் படிப்பு நிற்கும் காரணங்களில் அந்த நடையும் ஒன்று. சீமெந்து மூட்டை, அரிசி மூட்டை, கேஸ் சிலிண்டர் எல்லாவற்றுக்கும் மேலே ஏற்ற ஒரு தனிக் கூலி. குறைந்த சம்பளம் வாங்குகிறவர் அதிக விலை கொடுக்கிறார்.

இடர் வரும் நாளில் வித்தியாசம் இன்னும் கொடியது. 2016 மே 17ஆம் திகதி அரநாயக்கவில் சாமசர மலை சரிந்தது நாடறிந்த செய்தி. அதே நாளில் புளத்கொஹுபிட்டிய களுபஹன தோட்டத்தில் லயன் வீடுகள் மண்ணுக்குள் போயின; இறந்தவர்கள் தோட்டக் குடும்பங்கள். அடுத்த வருடம் மே மாதத்தில் இரத்தினபுரி மாவட்டத்தில் கலவான, அயகம பக்கங்களில் வெள்ளமும் மண்சரிவும். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தபோது கேகாலை மாவட்டமும் அடிபட்டது. மண்ணை அள்ளும் இயந்திரம் ஏறுவதற்கு ஒரு பாதை வேண்டும். அது இருக்கிறதா இல்லையா என்பது புயலுக்குப் பல வருடம் முன்பே முடிவாகிவிடுகிற விஷயம்.

இதுவரை இரண்டு ரோட்டையும் பிரித்துப் பிரித்துப் பார்த்தோம். மழை அப்படிப் பிரிப்பதில்லை. மலையில் பெய்யும் தண்ணீரை ஒரு காலத்தில் தோட்டத்தின் கான்கள் பிடித்து, போக்குகள் வழியே கடத்தி, ஓடையில் இறக்கின. அந்தக் கான்கள் தூர்ந்தபோது தண்ணீர் தோட்ட ரோட்டையே ஓடையாக்கிக்கொண்டது. ரோட்டு வழியே இறங்கி, கிரவலையும் சேற்றையும் வாரிக்கொண்டு, அந்த வளைவில் சபை ரோட்டுக்குள் பாய்கிறது. சபை ரோட்டின் ஓரக்கான் அந்தச் சேற்றில் அடைபடுகிறது. அடைபட்ட தண்ணீர் தாருக்கு மேல் ஓடி விளிம்பைத் தின்கிறது. சபை ஒவ்வொரு வருடமும் அதே இடத்தில் குழி அடைக்கிறது; ஒவ்வொரு வருடமும் அதே இடத்தில் உடைகிறது. மேலே போய்க் கானைத் திறக்கச் சபைக்குச் சட்டம் நீண்ட காலம் இடம் கொடுக்கவில்லை. இடம் கொடுத்த பிறகும் பழக்கம் விடவில்லை. தோட்டத்து மக்களைப் புறக்கணித்ததன் விலையைக் கிராமத்து மக்களும் தார்க் கணக்கில் கட்டிவந்திருக்கிறார்கள். இரண்டு ஊராரும் தனித்தனியே மகஜர் எழுதிக் கொடுக்கிற வழக்கம் இந்த ஒரு காரணத்துக்காகவாவது மாற வேண்டும்.

இப்போது மீண்டும் தெரிவான உறுப்பினர்கள் சபைகளில் இருக்கிறார்கள். அவர்கள் முன் வைக்க வேண்டிய கோரிக்கை "ரோட்டுப் போட்டுத் தாருங்கள்" என்பதைவிடக் கொஞ்சம் நுணுக்கமானது. முதலாவது பதிவேடு. எந்தத் தோட்டப் பாதையில் எத்தனை குடும்பம், எந்தப் பாடசாலை, எந்த மருந்தகம் இருக்கிறது என்று எடுத்து, பொதுப் பாதையாக ஏற்க வேண்டியவற்றைச் சபை தீர்மானத்தில் சேர்க்க வேண்டும். அந்த நிலக் கீற்றை விடுவிக்கத் தோட்ட நிர்வாகத்திடமும் நிலத்துக்கு உடைமையான அரச நிறுவனத்திடமும் சபையே எழுத வேண்டும். யூனியன் தலைவரைக் கடிதத்தோடு அலைய விடக் கூடாது. பதிவேட்டில் ஏறாத ரோட்டுக்கு எந்த மதிப்பீடும் எழுத முடியாது. இரண்டாவது கான். கானும் போக்கும் மேலிருந்து கீழாக ஒரே வேலையாக எடுக்கப்பட வேண்டும். கொழுந்து லொறி ஓடும் பகுதிக்கு நிர்வாகமும், குடியிருப்புப் பாதைக்குச் சபையும் செலவைப் பகிரலாம். ஆங்கிலேயர் காலத்தில் கோப்பிக்காகப் பகிர முடிந்த செலவை இன்று மனிதருக்காகப் பகிர முடியாது என்று யாரும் சொல்ல முடியாது. மூன்றாவது, கான் துப்புரவுக்கு வருடம் முழுதும் ஒரு சிறு தொகை. ஏப்ரலிலும் செப்டெம்பரிலும் நான்கைந்து பேர் மண்வெட்டியோடு இறங்கினால் மிஞ்சும் தாரின் அளவு பெரிது. அந்த வேலைக்கு அதே லயத்து ஆட்களைக் கூலி கொடுத்து எடுக்கலாம். ஓய்வுபெற்றவர்களில் கானின் போக்குத் தெரிந்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டமும் நம் கையில் இருக்கிறது. ஒரு ரோட்டுக்கு எவ்வளவு ஒதுக்கப்பட்டது, எத்தனை அங்குலத் தடிப்புக்கு மதிப்பீடு, ஒப்பந்தக்காரர் எத்தனை மாதத்துக்குப் பொறுப்பு என்று எழுத்தில் கேட்கலாம், தமிழிலும் கேட்கலாம். தோட்டத்துப் படித்த பிள்ளைகள் இன்று ஒவ்வொரு டிவிசனிலும் இருக்கிறார்கள். வருட இறுதி வரவு செலவுத் திட்டக் கூட்டத்துக்கு முன்பே அந்தக் கேள்விகள் சபைக் காரியாலயத்துக்குப் போய்விட வேண்டும். கிராமத்துச் சங்கமும் தோட்டத்து யூனியனும் ஒரே மகஜரில் கையெழுத்து வைத்து, மேல் கானிலிருந்து கீழ்ப் போக்கு வரை ஒரே மதிப்பீடாகக் கேட்டால், அது தோட்டத்து வேலை என்று தட்டிக்கழிக்கத் தொழில்நுட்ப உத்தியோகத்தருக்கு இடமிருக்காது. அவர் அந்த வளைவைத் தாண்டி மேலே வந்து அளவு எடுத்தாக வேண்டும்.